வறுமைக்கு வண்ணம் தீட்டிய கணக்கு

ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி எவரும் அலைய வேண்டியதில்லை என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. விடைதான் ஆயத்தமாக இருந்ததே! ‘தலைவிதி’ என்றனர் இங்கே. ‘சோம்பல், குடி, ஊதாரித்தனம்’ என்றனர் மேலை நாட்டிலே. சொல் வேறு; பொருள் ஒன்று. குற்றம் ஏழையினுடையது, மற்ற எவருக்கும் அதிலே பங்கில்லை என்பதுதான் அந்தப் பொருள். மாளிகைவாசிகள் நிம்மதியாக உறங்குவதற்கு இதைக் காட்டிலும் மென்மையான தலையணை வேறு உண்டோ!

அந்தத் தலையணையை உருவி எடுத்தது ஒரு கப்பல் முதலாளியின் கணக்கு. புரட்சிக்காரர் எவரும் எழுதியதல்ல அது. கணக்கைத் தொடங்கியவரே அதன் விடையைக் கண்டு சற்றுத் திகைத்தார். இலண்டன் மாநகரிலே, சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியிலே நடந்த அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விழைகிறோம்.

1886ஆம் ஆண்டு. சூரியன் மறையாத பேரரசு என்று மார்தட்டிக் கொண்டிருந்த நாட்டின் தலைநகரிலே வாணிபம் மந்தம், வேலை இல்லை, கடுங்குளிர். பிப்ரவரித் திங்கள் 8ஆம் நாள் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய வேலையற்றோர் கூட்டம், செல்வர் வாழும் பால்மால் தெரு வழியே சென்றபோது கல்லெறிந்தது. கண்ணாடிச் சாளரங்கள் நொறுங்கின. சாளரம் உடைந்த பிறகுதான் அதன் வழியே வெளியே எட்டிப் பார்த்தனர் சீமான்கள்! கிழக்கு இலண்டனில் யார் வாழ்கிறார்கள், எத்தனை பேர், என்ன தொழில், என்ன வருவாய்? எவருக்கும் தெரியாது. ஆப்பிரிக்கக் காட்டாறு எங்கே பிறந்து எங்கே விழுகிறது என்று வரைபடம் வைத்திருந்தவர்களிடம், தங்கள் வீட்டிலிருந்து நான்கு கல் தொலைவிலுள்ள மக்களைப் பற்றிய கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை எடுக்க முன்வந்தவர் சார்லஸ் பூத். இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் வேறு, இவர் வேறு. பெயர் ஒற்றுமையால் பலரும் மயங்குவதுண்டு. இவர் 1840இல் லிவர்பூலில் பிறந்தவர். தோல் வாணிபத்திலும் கப்பல் தொழிலிலும் பொருளீட்டியவர். இளமையில் ஆகஸ்ட் காம்த் என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். சமுதாயத்தையும் அறிவியல் முறையில் ஆராயலாம், ஆராய வேண்டும் என்பது காம்தின் கொள்கை. பூத்தின் துணைவியார் மேரி, நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் பெயர் பதித்த மெக்காலே பிரபுவின் உடன்பிறந்தார் மகள். இத்தகைய குடும்பத்தவருக்குச் சமதர்மப் பற்று இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. பூத்துக்கு அது இல்லை. ஆனால் ஒரு நல்ல வாணிபருக்குரிய பழக்கம் இருந்தது. சரக்கை எண்ணிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்!

அரசு பணம் தரவில்லை. தம் கைப்பொருளையே செலவிட்டார். பதினேழு ஆண்டு உழைத்தார். முடிவில், 1903இல், பதினேழு தொகுதிகள் நின்றன. கோடிப் பொருள் குவித்தவர்கள் கோபுரத்துக்குப் பொன்முலாம் பூசுவதைக் கண்டு பழகிய நமக்கு, செல்வர் ஒருவர் புள்ளிவிவரத்துக்குச் செலவழித்தார் என்பது வியப்பாகத்தான் இருக்கும்.

எப்படி எண்ணினார்? வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினால், ‘நீ யார் கேட்பதற்கு?’ என்பான் உழைப்பாளி. ஆகவே வேறு வழி கண்டார். 1880இல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடித் தெருத் தெருவாகச் செல்லும் பார்வையாளர்கள் இருந்தனர்; எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், தந்தைக்கு என்ன வேலை, அடுப்பு எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவர்களை அமர்த்தி வைத்து, ஒவ்வொரு தெருவாக, ஒவ்வொரு வீடாகக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினர் பூத்தும் அவர் துணைவர்களும். பள்ளிப் பிள்ளை இல்லாத வீடுகள் இந்த வலையில் நேரடியாகச் சிக்கவில்லை. அவற்றை ஊகத்தால் நிரப்பினர். அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மக்களை ‘ஏ’ முதல் ‘எச்’ வரை எட்டு வகுப்பாகப் பிரித்தார். நடுத்தர அளவுள்ள குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வரை நிலையாக வந்தால் அது ‘ஏழ்மை’. அதற்கும் கீழே என்றால் ‘கடும் ஏழ்மை’. வறுமைக் கோடு என்று இன்று நாம் பேசுகிறோமே, அந்தக் கோட்டை முதன்முதல் எண்ணால் இழுத்தவர்களில் இவர் தலையாயவர். தெருக்களை வரைபடத்தில் குறித்து வண்ணமும் தீட்டினார். செல்வர் தெரு மஞ்சள், வசதியுள்ளோர் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஏழையர் இளநீலம், கருநீலம், அடிமட்டம் கறுப்பு. மஞ்சள் தெருவுக்குப் பின்புறத்திலேயே கறுப்புச் சந்து ஒட்டிக் கிடந்ததை அந்தப் படம் காட்டிற்று.

1889 ஏப்ரலில் முதல் தொகுதி வெளிவந்தது. கிழக்கு இலண்டனில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் பேரில் நூற்றுக்கு 35 பேர் ஏழைகள். பின்னர் மாநகர் முழுவதையும் கணக்கிட்டபோது நூற்றுக்கு 30.7, அதாவது ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள்! நால்வரில் ஒருவர் வறியவர் என்று சமதர்மத் தலைவர் ஹிண்ட்மன் கூறியது மிகை என்று மெய்ப்பிக்கவே பூத் கிளம்பினார் என்று நெடுநாள் சொல்லிவந்தனர். அந்தக் கதையைப் பிற்கால ஆய்வாளர் ஐயுறுகின்றனர். கதை எப்படியோ, எண் இருக்கிறது. நால்வரில் ஒருவருக்கும் மேலே சென்ற எண்.

ஆனால் நம்மை ஈர்ப்பது இந்த எண்ணல்ல. இதற்கு அடுத்த பக்கத்தில் இருப்பது.

எத்தனை பேர் ஏழைகள் என்று கேட்டதோடு நில்லாமல், ஏன் ஏழைகள் என்றும் கேட்டார் பூத். ஏறத்தாழ நாலாயிரம் வறிய குடும்பங்களைத் தனியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதச் சொன்னார். மிகக் கீழ்ப்பட்ட இரு வகுப்புகளில், வேலை செய்ய மனமின்றித் திரிவோர் நூற்றுக்கு 4. குடி, ஊதாரித்தனம் போன்ற பழக்கத்தால் தாழ்ந்தோர் 14. நோய், மூப்பு, பெருங்குடும்பம் ஆகியவற்றால் 27. மிச்சம் 55? வேலை! வேலையின் நிலையாமை, வேலைக்குக் கிடைத்த கூலியின் குறைவு. அதற்கு மேலே உள்ள இரு ஏழை வகுப்புகளிலோ, பழக்கத்தால் தாழ்ந்தோர் 13, சூழ்நிலையால் 19, வேலையின் கேட்டினால் 68!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நூற்றாண்டுக் கணக்கில் மேடைதோறும் முழங்கினார்களே, ‘குடியன், சோம்பேறி, ஆகவே ஏழை’ என்று. அந்த முழக்கத்துக்கு உரிய பங்கு நூற்றில் பதினெட்டைத் தாண்டவில்லை. வேலையில்லாததால் ஏழை என்றுகூட முழுவதும் சொல்வதற்கில்லை. வேலை செய்துகொண்டே ஏழை. விடியற்காலை எழுந்து, முதுகு ஒடிய மூட்டை சுமந்து, விரல் தேய ஊசி ஓட்டி, அப்படியும் ஏழை. மனிதனிடம் குறை தேடிச் சென்றவர், வேலையிடம் குறை கண்டு திரும்பினார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்குத் துறைமுகத்தைக் காட்டலாம். அந்தப் பகுதியை ஆராய்ந்தவர் பியாட்ரிஸ் பாட்டர் என்ற இளம்பெண். பின்னர் சிட்னி வெப்பை மணந்து, பியாட்ரிஸ் வெப் என்று உலகறிய விளங்கியவர். இலண்டன் துறைமுகத்தில் நாள்தோறும் காலையில் வாயிற்கதவின் முன் நூற்றுக்கணக்கானோர் திரள்வர். மேஸ்திரி வருவார், விரல் நீட்டுவார், நீட்டப்பட்டவனுக்கு அன்று வேலை, மணிக்கு ஐந்து பென்னி. அதுவும் நாள் முழுவதும் என்ற உறுதியில்லை. கப்பல் வருவது காற்றையும் கடலையும் பொறுத்தது. ஓரிரு மணி நேரத்தில் ‘போதும், போ’ என்பர். நெரிசலில் மேஸ்திரியின் கண்ணில் படுவதற்காக ஒருவன் தோள்மீது ஒருவன் ஏறிய காட்சியைப் பலர் எழுதி வைத்துள்ளனர். பல்லாயிரம் டன் சரக்கு நாள்தோறும் இறங்கும் இடத்தில், அதை இறக்குபவனுக்கு அன்று மாலை அடுப்பு எரியுமா என்பது காலையில் தெரியாது.

இவர்களைத்தான் ‘திறனற்ற தொழிலாளர்’ என்று ஏட்டில் எழுதினர். திறன் என்பது என்ன என்று நாம் சற்றே நின்று கேட்க வேண்டிய இடம் இது. கப்பலுக்குள்ளே சரக்கை அடுக்குபவர்களுக்கு ஸ்டீவடோர் என்று பெயர். கடலில் கப்பல் சாயாதபடி அடுக்குவது நுட்பமான வேலைதான். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. சங்கச் சீட்டு இல்லாதவன் உள்ளே நுழைவது கடினம். ஆகவே நல்ல கூலி. கரையில் தானிய மூட்டை சுமப்பவனும், மரப்பலகைகளைத் தோளில் ஏற்றி வளைந்தாடும் பாலத்தின் மேல் நடப்பவனும் ஆண்டுக்கணக்கில் பழகிய கால்களும் தோள்களும் உடையவர்களே. புதியவன் ஏறினால் தண்ணீரில் விழுவான். எனினும் அவர்கள் தொழிலுக்குச் சான்றிதழ் தருவார் இல்லை. கதவைக் காக்கும் சங்கமும் வலுப்பெறவில்லை. ஒருவனுடைய கையில் உள்ளதை மட்டும் பார்த்து உலகம் ‘திறன்’ என்று பெயர் வைப்பதில்லை. அந்தக் கைக்குப் பின்னால் எத்தனை கைகள் சேர்ந்திருக்கின்றன என்பதையும் பார்த்தே வைக்கிறது.

சேர்ந்தார்கள். பூத்தின் முதல் தொகுதி வெளிவந்த நாலே திங்களில், 1889 ஆகஸ்ட் 14ஆம் நாள், துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. பென் டில்லட், டாம் மன், ஜான் பர்ன்ஸ் ஆகியோர் தலைமை தாங்கினர். ஸ்டீவடோர்களும் துணை நின்றனர். ஆஸ்திரேலியத் தொழிலாளர் கடல் கடந்து முப்பதினாயிரம் பவுனுக்கு மேல் அனுப்பினர். செப்டம்பர் நடுவில் வெற்றி: மணிக்கு ஆறு பென்னி, அழைத்துவிட்டால் குறைந்தது நான்கு மணி நேர வேலை. பூத்தின் ஏடு இந்தப் போரைத் தொடங்கி வைத்தது என்று நாம் கூறமாட்டோம். பசி தொடங்கி வைத்தது. ஆனால் ‘இவர்கள் சோம்பேறிகள்’ என்று சொல்லி நகரத்தார் முகத்தைத் திருப்பிக்கொள்வது அந்த ஆண்டில் முன்போல எளிதாக இல்லை.

இனி ஊசியின் கதை. பியாட்ரிஸ் பாட்டர் தையல் கற்று, மாறுவேடம் பூண்டு, 1888இல் கிழக்கு இலண்டனில் கால்சட்டை தைக்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சில நாட்களே, எனினும் பிரபுக்கள் சபைக் குழுவின் முன் சென்று சான்றளிக்க அது உதவிற்று. ‘வியர்வைத் தொழில்’ என்று அந்நாளில் கூறப்பட்ட கொடுமைக்கு இடைத்தரகன் ஒருவனே காரணம் என்றும், அவன் வெளிநாட்டிலிருந்து வந்த யூதன் என்றும் பழிபோட்டுக் கொண்டிருந்தனர். ஊர்ப் பழியை ஏற்க எப்போதும் ஒரு வேற்றார் தேவைப்படுகிறார் அல்லவா! பாட்டரின் ஆய்வு அதை மறுத்தது. பட்டறைக்காரன் மட்டும் இல்லை. மொத்த வணிகர், வாடகைக்காரர், மலிவு விலைக்குச் சட்டை தேடும் சீமாட்டி வரை பங்குண்டு என்றது. 1890இல் பிரபுக்கள் குழுவே அந்தக் கேட்டுக்கு மூன்று அடையாளம் கூறிற்று: பிழைப்புக்குப் போதாத கூலி, அளவுக்கு மீறிய நேரம், நோய் விளைக்கும் இடம். வேலை நல்ல வேலையா என்று அளக்க இன்றும் இந்த மூன்றும் பயன்படும் என்று கருதுகிறோம்.

பெண்களின் வேலையை ஆராயும் பொறுப்பு கிளாரா காலட் அம்மையாருக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிய தாய்மார்களுக்கு 144 பெட்டிக்கு இரண்டேகால், இரண்டரைப் பென்னி. பசையும் கயிறும் அவர்கள் செலவு. ஆண் தைத்தால் அது கைத்தொழில். பெண் தைத்தால் ‘பெண்ணுக்கு இயல்பாக வருவது’. இயல்பாக வருவதற்குக் கூலி எதற்கு என்பது முதலாளியின் தத்துவம்.

தீப்பெட்டி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1888 ஜூன் 23ஆம் நாள், ‘லிங்க்’ என்ற சிறு இதழில், பிரயண்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவலத்தை ஓர் அம்மையார் எழுதினார். கால் அழுக்காக இருந்தால் மூன்று பென்னி அபராதம் என்பதையும், பங்குதாரர்கள் பெற்ற கொழுத்த ஆதாயத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக் காட்டினார். அடுத்த திங்களே ஏறத்தாழ 1,400 பெண்கள் வெளியேறினர், அபராத முறை ஒழிந்தது, சங்கம் பிறந்தது. அந்த அம்மையார் யார்? அன்னி பெசண்ட்! அதே அம்மையார் மறு ஆண்டே பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1893இல் இந்தியா வந்தார். 1907 முதல் அடையாற்றில் அதன் தலைவராக வீற்றிருந்தார். கர்மத்தைப் பற்றியும் மறுபிறப்பைப் பற்றியும் நூல்கள் எழுதினார். தீப்பெட்டிப் பெண்ணின் துயருக்குக் காரணம் முற்பிறப்பா, பங்குதாரரா என்று 1888இல் அவரைக் கேட்டிருந்தால் தயங்காமல் விடை கூறியிருப்பார். கடல் கடந்ததும் கணக்கு மாறிவிட்டதே, அதுதான் விந்தை!

பூத்திடம் திரும்புவோம். 1891 மக்கள் தொகைக் கணக்கிலே, ஐந்துக்கும் குறைவான அறைகளில் வாழ்வோர் எத்தனை அறையில் வாழ்கிறார்கள் என்ற கேள்வியும், ஒருவர் முதலாளியா, கூலி பெறுபவரா, தாமே தொழில் செய்பவரா என்ற கேள்வியும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அந்தக் கணக்கைக் கொண்டு, தச்சர், கொல்லர், அச்சுத் தொழிலாளர், ரொட்டி சுடுவோர் என்று தொழில் தொழிலாக ஆராய்ந்து, இரண்டாம் வரிசை நூல்களை வெளியிட்டார். ஒவ்வொரு தொழிலிலும் வாரக் கூலி என்ன, எத்தனை மணி நேரம், எந்தப் பருவத்தில் வேலை அறும், தொழிலைக் கற்பது எப்படி, சங்கம் உண்டா? முதலாளியையும் கேட்டார், சங்கத்தாரையும் கேட்டார், உழைப்பாளியையும் கேட்டார்.

அவருடைய துணைவர்களில் ஒருவரான லியூலின் ஸ்மித் கண்ட உண்மை ஒன்று நெஞ்சைத் தைப்பது. கட்டட வேலை போன்ற நல்ல தொழில்களில் நாட்டுப்புறத்திலிருந்து தொழில் பயின்று வந்தவர்கள் மிகுந்திருந்தனர். இலண்டனிலேயே பிறந்த பிள்ளைகளோ நிலையற்ற வேலைகளிலே தேங்கினர். தலைநகரில் பிறந்தவனுக்குத் தொழில் கற்க வழியில்லை! பழைய பழகுநர் முறை பட்டறைகளில் சிதைந்து போயிற்று. பதினான்கு வயதுச் சிறுவன் கடிதம் சுமப்பான், வண்டியில் அமர்ந்து பொட்டலம் காப்பான். சில ஷில்லிங் கிடைக்கும், வீட்டுக்கு உதவும். பதினெட்டு வயதானதும், ஆள் கூலி கேட்பானே என்று துரத்திவிட்டு வேறு சிறுவனை வைத்துக்கொள்வர். கையில் தொழில் இல்லை. கால்கள் துறைமுக வாயிலை நோக்கி நடக்கும். ‘முட்டுச் சந்து வேலை’ என்று பின்னாளில் அறிஞர்கள் இதற்குப் பெயரிட்டனர். இவன் திறனற்றவன் என்று எழுதுமுன், இவனுக்குத் திறன் தர மறுத்தவர் யார் என்று எழுத வேண்டாமா?

லியூலின் ஸ்மித் எழுதினார். 1892இல் இலண்டன் மாநகராட்சிக்குத் தொழிற்கல்வி பற்றி அவர் தந்த அறிக்கை, நகரம் எவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறது என்பதைக் காட்டிற்று. இதிலே ஒரு வேடிக்கை. 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி மதுவரியில் ஒரு பங்கு தொழிற்கல்விக்குச் செலவிடலாம் என்று மாவட்டங்களுக்குத் தரப்பட்டது. ‘விஸ்கிப் பணம்’ என்றே அதற்குப் பெயர்! இலண்டனோ அதை வீட்டு வரியைக் குறைக்கப் பயன்படுத்தி வந்தது. ஏழை குடிக்கிறான் என்று ஏசியவர்கள், அவன் குடித்ததில் வந்த வரியை வீட்டுக்காரரின் சுமை குறைக்க எடுத்துக்கொண்டனர். அறிக்கைக்குப் பின்னர், 1893இல், சிட்னி வெப் தலைமையில் தொழிற்கல்வி வாரியம் அமைந்தது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. 1896இல் கலை, கைத்தொழில் மத்தியப் பள்ளி திறக்கப்பட்டது.

இவ்வளவு செய்த பூத்தை நாம் பீடத்தில் ஏற்றிவிட வேண்டியதில்லை. அவருடைய எண் பேசியதை அவருடைய நா பேசத் தயங்கிற்று. அடிமட்டத்தாரை அரைக் காட்டுமிராண்டிகள் என்ற பொருள்பட எழுதினார். கடும் ஏழ்மையில் உழலும் ‘பி’ வகுப்பாரை ஊரைவிட்டு அகற்றி, அரசின் காவலில் தொழிற்குடியிருப்புகளில் வைத்துவிட்டால், அவர்களுக்கு மேலே உள்ளவர்களுக்கு வேலையும் கூலியும் நிறையக் கிடைக்கும் என்று திட்டம் கூறினார். அவர்களின் வறுமைக்குப் பெருங்காரணம் வேலையே என்று கண்டவர், வேலையைத் திருத்துமாறு கூறாமல் ஆளை அகற்றுமாறு கூறுகிறார்! கப்பல் முதலாளி மீண்டும் எட்டிப் பார்க்கும் இடம் அது. ஆயினும் முதியோர் உதவித்தொகைக்காக அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார். 1908ஆம் ஆண்டுச் சட்டம் எழுபது வயதானோருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை தந்ததில் அவருக்குப் பங்குண்டு என்பதையும் கூறத்தான் வேண்டும்.

நூலை எழுதியவர் தயங்கினாலும் நூல் தயங்கவில்லை. ரௌண்டிரி என்பவர் யார்க் நகரில் 1899இல் வீடு வீடாகச் சென்று எண்ணினார். முதலாளி கூறும் ‘பெருநகரக் கேடு’ என்ற சாக்கும் பறந்தது. அங்கும் நூற்றுக்கு 27.84 பேர் வறியோர். எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும் உடலை ஓம்பப் போதாத வருவாயுள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, ஒழுங்காக வேலை இருந்தும் கூலி குறைவு என்பதே காரணம்! லியூலின் ஸ்மித்தும் கிளாரா காலட்டும் 1893இல் அமைந்த அரசின் தொழிலாளர் துறைக்குச் சென்றனர். கணக்கெடுத்த கைகளே சட்டம் வகுக்கவும் உதவின. 1909இல் வேலைவாய்ப்பு நிலையங்களுக்குச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் ஆயத்த ஆடை, காகிதப் பெட்டி, பின்னல், சங்கிலி ஆகிய நான்கு தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வகுக்கும் வாரியங்கள் வந்தன. சட்டம் வந்தால் போதுமா? 1910இல் கிரேட்லி ஹீத் என்ற ஊரில் சங்கிலி அடிக்கும் பெண்கள், வாரியம் வகுத்த மணிக்கு இரண்டரைப் பென்னியைப் பெறுவதற்கே பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

1928இல், அதே லியூலின் ஸ்மித், முதுமையில், இலண்டனை மீண்டும் எண்ணத் தலைப்பட்டார். பூத்தின் கோட்டை வைத்தே அளந்தபோது வறியோரின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்திருந்தது. விதி மாறியதால் குறைந்ததா? அந்த நாற்பதாண்டில் இலண்டன் மக்களின் முற்பிறப்பு எதுவும் மாறியதாக எவரும் எழுதி வைக்கவில்லை.

துறைமுக வாயில் மட்டும் எளிதில் அசையவில்லை. 1889இல் நான்கு மணி நேர வேலைக்கு உறுதி பெற்றவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே வாயிலில் நின்றனர். 1947இல் தேசியத் துறைமுகத் தொழிலாளர் திட்டம் வந்து, பெயர் பதிந்தவர்களுக்கு வேலையில்லா நாளிலும் ஓரளவு ஊதியம் உண்டு என்றாயிற்று. காலையில் கூட்டி நிறுத்தி ஆள் பொறுக்கும் முறை முற்றும் ஒழிந்தது 1967 செப்டம்பரில்தான், எழுபத்தெட்டு ஆண்டு! அந்த ஆண்டிலேயே கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டது. இரும்புப் பெட்டிகளில் சரக்கு ஏற்றும் காலம் வந்துவிட்டது. பெரிய கப்பல்கள் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே ஒதுங்கின. 1981க்குள் நகருக்குள் இருந்த துறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பூத்தின் ஆட்கள் கையெழுத்தில் நிரப்பிய குறிப்பேடுகள் நானூறுக்கு மேல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.